அட்டையில் இல்லாத மஞ்சள்

7.4. இந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குளத்தக்காவுக்குக் காலைத் தேநீர் தொண்டையில் இறங்கும். நகராட்சி நீச்சல் குளத்தின் தண்ணீர் நிற்க வேண்டிய பி.எச். அளவு அது. 7.2-க்குக் கீழே போனால் அமிலம் ஏறிக் கண் எரியும், குழாய் அரிக்கும். 7.6-ஐத் தாண்டினால் குளோரின் சோம்பேறியாகிவிடும். "ஏழு புள்ளி அஞ்சு ஆச்சுன்னா அது ஏழரை. ஏழரையை நான் என் குளத்துக்குள்ள விடமாட்டேன்" என்பது பம்ப் அறையில் தினமும் கேட்கும் நகைச்சுவை. பல வருடமாக அதே நகைச்சுவைதான். உதவியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சிரிப்பு மட்டும் புதிது.

அவர் அந்தக் குளத்துக்கு வந்தது டிக்கெட் கிழிக்க. பம்ப் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு வாரத்தில் தண்ணீர் பாசிப்பயறு நிறத்துக்கு வந்தது. மேனேஜர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். டிக்கெட் கிழிக்கிறவர் பம்ப் அறைக்குள் போய், பீப்பாய்களில் ஒட்டியிருந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்து, தப்பும் தவறுமாக எதையோ ஊற்றி, பாதி சரி செய்தார். மீதியைப் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் படித்துக்கொண்டார். அன்று முதல் அவர் குளத்தக்கா. மேனேஜருக்கும் அக்கா, மேனேஜரின் அப்பாவுக்கும் அக்கா.

தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு அதில் இறங்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. நாற்பது வயதில் கற்றுக்கொள்ள ஆசை வந்தபோது, ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க முக்குளிக்க அவருக்கு மனமில்லை. விடிந்ததும் ஒரு மணி நேரம் குளம் காலியாகக் கிடக்கிறதே என்று மேனேஜரிடம் நச்சரித்துப் "பெண்கள் நேரம்" வாங்கினார். முதல்நாள் வந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவர் அவருடைய நாத்தனார். தையல்காரி. கழுத்து முதல் கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடையைத் தானே வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் பத்துப் பேர் அளவு கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் கூட்டம் நாற்பதானது. குளத்தக்காவும் மூச்சை அடக்கி, காலை உதறி, நீளவாக்கில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகப் பழகிவிட்டார்.

இந்த வருடம் மழை விட்ட பிறகு கூட்டம் மெலியத் தொடங்கியது. முதலில் யாரும் காரணம் சொல்லவில்லை. காய்ச்சல், விருந்தாளி, பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள். நாத்தனார்தான் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, நம்மகூட நீந்த வருவாங்களே தபால்காரம்மா, அவங்களுக்கு அங்க அரிப்பாம். அவங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டு பேரும் எனக்கும்தான்னு சொல்லியிருக்காங்க. இப்போ எல்லாரும் குளத்துத் தண்ணியாலதான்னு பேசிக்கிறாங்க."

"என் தண்ணியாலயா?"

"நான் சொல்லல. ஊர் சொல்லுது."

குளத்தக்கா அன்றைக்கு மூன்று முறை தண்ணீரைச் சோதித்தார். ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பாட்டில் அனுப்பினார். தண்ணீரில் குறை ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதை வாசலில் ஒட்டினார். ஒட்டிய காகிதத்தை யாரும் நின்று படிக்கவில்லை. பதினோரு பேர்தான் மிஞ்சினார்கள். மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கும் நீச்சல் சங்கம் ஒன்று அந்த நேரத்தை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிடலாம்க்கா. வர ஆள் இல்லன்னா சங்கத்துக்குக் கொடுத்துடறேன். காலியா வச்சிருந்தா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க."

குளத்தக்கா எதிர்த்து வாயைத் திறக்கவில்லை. மேனேஜருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. பம்ப் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்த காரணம் வேறு: அவருக்கும் அரித்தது.

பல்வலிக்கு மாத்திரை சாப்பிட்டு முடித்த கையோடு அது தொடங்கியிருந்தது. தபால்காரம்மாவுக்கு, இன்னும் இரண்டு பேருக்கு, இப்போது தனக்கும். தண்ணீர்தான் காரணமென்றால், தன் கையாலேயே அதைக் கலக்கி அத்தனை பெண்களையும் அதில் இறக்கிவிட்டிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். வெளியே சொல்லவும் முடியவில்லை. சொன்னால் பெண்கள் நேரத்துக்குத் தன் கையாலேயே பூட்டுப் போட்டது மாதிரி. சொல்லாமல் அவர்களைத் தண்ணீரில் இறக்கவும் மனசு கேட்கவில்லை. தான் இறங்குவதை நிறுத்திக்கொண்டு கரையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

வேறொருவராக இருந்தால் மருந்துக்கடைக்குப் போயிருப்பார், அல்லது அம்மாவுக்குப் போன் செய்திருப்பார். குளத்தக்கா குளத்துக்காரி. சந்தேகம் வந்தால் சோதிப்பதுதான் பழக்கம். பம்ப் அறையிலிருந்து சோதனைப் பட்டை டப்பாவைப் பைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டு, தன்னையே சோதித்துப் பார்த்தார்.

பட்டை மஞ்சளானது. டப்பாவில் அச்சடித்திருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டார். அட்டையின் அடிக்கட்டத்து மஞ்சளை விடவும் வெளிறிய மஞ்சள். அதற்குக் கீழே கட்டமே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் பார்க்காத அளவு.

அமிலம்! அரிக்காமல் என்ன செய்யும் என்று அவர் நினைத்துக்கொண்டார். குளத்தில் அமிலம் ஏறினால் என்ன செய்வாரோ அதையே செய்தார். சமையலறையிலிருந்து சோடா உப்பை எடுத்து, வெந்நீரில் கரைத்து, ஆற வைத்து, கழுவினார். பட்டை ஆரஞ்சுக்கு வந்தது. ஏழு! அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் மாலை மறுபடி மஞ்சள். மறுபடி சோடா. காலை, மதியம், மாலை என்று வேலை முறை போட்டுக் கவனித்தார். அளவு ஏறியது, கூடவே அரிப்பும் ஏறியது. உட்கார்ந்தால் எரிந்தது, எழுந்தால் இன்னும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை நாத்தனார் உடைகளைக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, நண்டு மாதிரி நடக்குறீங்க?"

"இடுப்பு பிடிச்சிருக்கு."

"இடுப்பு பிடிச்சா ஒருபக்கமா சாய்வாங்க. நீங்க காலை அகட்டி நடக்குறீங்க. நான் தையல்காரி அண்ணி, நடையைப் பாத்தே அளவு சொல்லுவேன்."

"வாயை மூடுடி. உங்க அண்ணன் உள்ள இருக்காரு."

"அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். அவருக்கு மேல கீழன்னு சொன்னா புரியும். வாங்க, டாக்டர்கிட்ட போலாம்."

ஆட்டோவில் குளத்தக்கா வழியெல்லாம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வேகத்தடை வந்தபோது மட்டும் ஒப்புக்கொண்டார்.

மகளிர் டாக்டரின் அறை சிறியது. ஜன்னலோரம் நுண்ணோக்கி, மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் கர்ப்பப்பை மாதிரி ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வறுத்த கடலை. டாக்டர் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் நாலு கடலை வாயில் போடுகிறவர். கேள்விகளும் அதே வேகம்.

"எப்போ இருந்து?"

"மூணு வாரமா."

"அதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை?"

"பல்லுக்கு. சிவப்பும் மஞ்சளுமா இருக்குமே, அது."

"ஆன்டிபயாட்டிக். சரி. நீங்களா ஏதாவது வைத்தியம் பண்ணீங்களா?"

குளத்தக்கா மின்விசிறியைப் பார்த்தார். நாத்தனார் குளத்தக்காவைப் பார்த்தாள்.

"சரி பண்ணேன்."

"எதை?"

"பி.எச்.சை."

கடலை எடுத்த கை பாதி வழியில் நின்றது. "உங்களுக்கு என்ன வேலை?"

"நகராட்சி நீச்சல் குளம். தண்ணி என் பொறுப்பு."

"எவ்வளவு காட்டுச்சு?"

"அட்டையிலேயே இல்ல டாக்டர். அடிமட்டம். குளமா இருந்திருந்தா விசில் அடிச்சு எல்லாரையும் வெளியேத்தி வாசலைப் பூட்டியிருப்பேன். சோடா போட்டு ஏழுக்குக் கொண்டாந்தேன். ஆனா நிக்க மாட்டேங்குது. காலைல ஏத்தினா சாயங்காலம் எறங்கிடுது. எங்கயாவது கசிவு இருக்குமோன்னு..."

அதற்கு மேல் டாக்டரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

"அம்மா, கசிவெல்லாம் இல்ல. எறங்குதுன்னா உங்க காவல்காரங்க இன்னும் உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். அங்க நாலுதான் இருக்கணும். நாலு, மிஞ்சிப்போனா நாலரை. உங்க அட்டை குளத்துக்கு அச்சடிச்சது. உங்களுக்கு இல்ல."

பரிசோதித்தார். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, "வாங்க, நீங்களே பாருங்க" என்றார்.

குளத்தக்கா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். உடைந்த ஊசிகள் மாதிரியும் சிக்குப் பிடித்த நூல் மாதிரியும் ஏதோ தெரிந்தது. நூலைச் சுற்றி உருண்டை உருண்டையாகக் கூட்டம்.

"அந்த நூல்தான் பூஞ்சை. கேண்டிடான்னு பேரு. அது ஒண்ணும் வெளியூர் ஆளில்ல. அஞ்சு பொண்ணுங்களை நிக்கவெச்சா ஒருத்திகிட்டயாவது அது சும்மாவே இருக்கும். உருண்டையா, சாதுவா கிடக்கும். ஊசி மாதிரி தெரியுதே, அது அங்கயே குடியிருக்கிற நல்ல பாக்டீரியா, அமிலம் சுரந்து பூஞ்சையை அடக்கி வச்சிருக்கும். தயிரைப் புளிக்க வைக்கிறதுக்குச் சொந்தக்காரங்க. அதுக்காகத் தயிரை எடுத்துப் பூசிடாதீங்க, உங்களை நம்ப முடியாது."

"இல்ல டாக்டர்."

"பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை அந்த நல்லதுங்களையும் சேத்து அடிச்சிருச்சு. பூஞ்சைக்கு இடம் கிடைச்சிருச்சு. மிச்சமிருந்ததுங்க கஷ்டப்பட்டு அமிலம் சுரந்தா, நீங்க சோடா ஊத்திக் கலைச்சீங்க. இந்தப் பூஞ்சைக்கு ஏழு ரொம்பப் பிடிக்கும். ஏழுல உருண்டையா இருக்கிறது நூல் விட ஆரம்பிச்சிரும்."

குளத்தக்காவின் முகம் வாடியது. ஏழு அவருக்கும் ரொம்பப் பிடித்த எண்.

"அந்த நூலைச் சுத்தி உருண்டையா இருக்கே, அது யாரு?"

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "அது உங்க ஆளுங்க. வெள்ளையணு. உங்க குளத்துல லைஃப்கார்டு உண்டுல்ல? உயர நாற்காலியில உக்காந்து பாத்துட்டே இருப்பாங்க. யோனிச் சுவர்ல இருக்கிற செல்லுங்களும் அப்படித்தான். பூஞ்சை உருண்டையா மிதந்தா கண்டுக்காது. நூல் விட்டு, விஷத்தைக் கக்கி, சுவரைக் குத்த ஆரம்பிச்சா விசில் அடிக்கும். விசில் கேட்டதும் ரத்தத்துல இருந்து வெள்ளையணுக் கூட்டம் ஓடி வரும்."

"வந்து பிடிச்சிரும்."

"அங்கதான் சிக்கல். உடம்புல வேற இடத்துல பிடிச்சிரும். இந்த இடத்துல வருது, குதிக்குது, கலாட்டா பண்ணுது, ஆனா பெரும்பாலும் பூஞ்சை கையில சிக்கறதில்ல. அதுங்க கிளப்புற ரகளைதான் வீக்கம், சிவப்பு. உங்க அரிப்புல பெரும்பங்கு பூஞ்சையோடது இல்ல, காப்பாத்த வந்தவங்களோடது."

குளத்தக்கா சட்டென்று நிமிர்ந்தார். "எங்க குளத்துல நடந்திருக்கு டாக்டர்! ஒத்திகை வச்சோம். டிக்கெட் கவுன்ட்டர் பொண்ணை முழுகற மாதிரி நடிக்கச் சொன்னோம். விசில் அடிச்சதும் லைஃப்கார்டு நாலு பேரும் ஒண்ணா குதிச்சு, ஒருத்தன் மண்டையில ஒருத்தன் மோதி, ஒருத்தனுக்கு மூக்கு ஒடஞ்சு, தண்ணியெல்லாம் ரத்தம். முழுகினவ அவளா படியேறி வந்து, ‘முடிஞ்சுதா, நான் சாப்பிடப் போலாமா’ங்கிறா!"

"அதேதான். அப்புறம் என்ன பண்ணீங்க?"

"சட்டம் போட்டுட்டேன். நிஜமா முழுகறாங்களான்னு முதல்ல பாக்கணும். விளையாடறவங்களுக்கு விசில் அடிக்கக் கூடாது. அடிச்சா ஒருத்தர்தான் குதிக்கணும்."

"நிறையப் பொண்ணுங்களுக்கு உடம்பு அந்தச் சட்டத்தோடதான் இருக்கு" என்றார் டாக்டர். "ஆராய்ச்சிக்குன்னு தானா முன்வந்த பொண்ணுங்களுக்கு இதே பூஞ்சையை வச்சுப் பாத்திருக்காங்க. ஒண்ணும் ஆகாதவங்களுக்குள்ள பெரிய சண்டை நடந்து ஜெயிச்சிருக்கும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. பாத்தா, அங்க வெள்ளையணுவே வரல. சுவர் அமைதியா பொறுத்துக்கிச்சு. அவதிப்பட்டவங்களுக்குத்தான் கூட்டம் வந்திருந்துச்சு. இந்த இடத்துல நல்ல காவல்னா அடிதடி இல்ல. யாரை விட்டுவைக்கலாம்னு தெரிஞ்சிருக்கிறது."

மருந்து எழுதினார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். சோடா, சோப்பு, வாசனைத் தண்ணீர் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார். குளத்தக்கா எழுந்திருக்கவில்லை. அவர் கேட்க வந்த கேள்வி இன்னும் மிச்சமிருந்தது.

"டாக்டர், இது என் தண்ணியால வந்ததா? எங்க குளத்துல இன்னும் மூணு பேருக்கு இருக்கு."

"எத்தனை பேர் வர்றாங்க?"

"நாப்பது பேர் வந்துட்டு இருந்தாங்க."

"நாலு பொண்ணுங்கள்ல மூணு பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது இது வரும். நாப்பது பேரை ஒரு பஸ்ல ஏத்துனாலும் மூணு பேருக்கு ஏதாவது ஒரு அரிப்பு இருக்கும். பஸ்ஸாலதான் வந்துச்சுன்னு சொல்லுவாங்களா? குளத்துல இருந்து இது தொத்தறதில்ல. ஈர உடையோட மணிக்கணக்கா உக்காராம மாத்திக்கிட்டா போதும். எல்லா அரிப்பும் இதுவும் இல்ல. யாருக்கு இருந்தாலும் வந்து சோதிக்கச் சொல்லுங்க. கையில அட்டையோட வர வேண்டாம்."

அவர்கள் கதவருகே போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆமா, உங்க குளத்துல ஆழம் கம்மியான பக்கம் தண்ணி எதுவரைக்கும் இருக்கும்?"

"இடுப்பு வரைக்கும் டாக்டர். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்று டாக்டர் கடலைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை குளக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வராமல் நின்றவர்களையெல்லாம் நாத்தனார் வீடு வீடாகப் போய், உடை அளவு சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அழைத்து வந்திருந்தாள். மேனேஜர் தொண்டையைச் செருமி, "தண்ணீர் தொடர்பான சில ஐயங்கள்" என்று ஆரம்பித்தார். நாற்காலிகள் அசையவில்லை. தபால்காரம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தின் பதிலை வாசித்தும் பயனில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது குளத்தக்கா எழுந்து, சோதனைப் பட்டை டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"இது எதுக்குன்னு தெரியும்ல? குளத்துக்கு. கொஞ்ச நாளைக்கு முன்னாடி நான் இதை எனக்கே வச்சுப் பாத்தேன்."

பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

"எங்க வச்சீங்கக்கா?" என்று ஒரு குரல் தெரியாதது போலக் கேட்டது.

"கால்வாய்ல. கேக்குறா பாரு கேள்வி!"

மேனேஜர் இலை அரிக்கும் வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அக்கா, நான் கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?"

"நில்லுங்க சார். உங்க வீட்லயும் பொண்ணுங்க இருக்காங்க."

குளத்தக்கா எல்லாவற்றையும் சொன்னார். மஞ்சள், சோடா, மூன்று வேளைப் பராமரிப்பு, கசிவு பற்றிய சந்தேகம், நண்டு நடை. நடந்தும் காட்டினார். தபால்காரம்மா கைப்பையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் லைஃப்கார்டுகள் மண்டை மோதிய கதையைச் சொல்லி, அதே ரகளைதான் உள்ளே நடக்கிறது என்று சொன்னார். அந்த ஒத்திகையைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்போ கிருமிநாசினி சோப்பு?" என்று தபால்காரம்மா மெதுவாகக் கேட்டார். "தினமும் ரெண்டு வேளை போடறேனே. சுத்தமா இருக்கணும்னு."

"நிறுத்துங்க. உங்க காவல்காரங்களை நீங்களே துரத்திட்டு இருக்கீங்க. திங்கட்கிழமை டாக்டரைப் போய்ப் பாருங்க. அவங்ககிட்ட கடலை இருக்கும்."

பல்லுக்கு மாத்திரை சாப்பிட்ட இன்னொருத்தி கை தூக்கினாள். வாசனைத் தண்ணீர் வாங்கி வைத்திருந்த இன்னொருத்தி அதை யாருக்காவது விற்க முடியுமா என்று கேட்டாள். நாத்தனார், ஈர உடையை உடனே கழற்ற வசதியாக முன்பக்கம் ஜிப் வைத்துத் தருவதாக அந்த இடத்திலேயே அறிவித்தாள். அரை மணி நேரத்தில் குளக்கரை மீன் சந்தையாகிவிட்டது. மேனேஜர் இல்லாத இலைகளை வலையால் அரித்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"சார்," என்று குளத்தக்கா கூப்பிட்டார், "சங்கத்துக்கு என்ன சொல்லப் போறீங்க?"

மேனேஜர் திரும்பாமலே பேசினார். "இடம் இல்லன்னு சொல்றேன்க்கா. பெண்கள் நேரம் அப்படியே இருக்கட்டும். இத்தனை பேர் வந்தா நான் ஏன் கொடுக்கப் போறேன்? பேச்சை மட்டும் கொஞ்சம் மாத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குளத்தக்காவின் சர்க்கரை அளவு சரியாக இருந்தது. மருந்து முடிந்து, எரிச்சல் அடங்கி, நண்டு நடை போய்ப் பழைய நடை வந்தது. சோதனைப் பட்டை டப்பா பம்ப் அறை அலமாரிக்குத் திரும்பியது. உடை மாற்றும் அறையில் ஈர உடை மாட்ட வரிசையாகக் கொக்கிகள் அடித்தாயிற்று. அடித்துக் கொடுத்தவர் லிஃப்ட் ரிப்பேர் பண்ணும் கணவர். எதற்கு என்று கேட்டாராம். அவருக்கு மேல் கீழ் என்று சொல்லியே புரியவைத்தார்களாம்.

வரும் திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் குளத்தக்கா மறுபடி தண்ணீரில் இறங்குகிறார். அன்று புதிதாகச் சேர்கிறவர் ஒரே ஒருவர்: மகளிர் டாக்டர். அவருக்கு நீந்தத் தெரியாது. ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குவார்.